வண்ணம் பூசுமுன்

எந்த நிறம் என்று வீட்டில் ஒரு வாரம் விவாதிக்கிறோம். சுவரை ஒருமுறையேனும் கையால் தடவிப் பார்க்கிறோமா? உள்ளங்கையில் வெண்பொடி ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு. அதன்மேல் எமல்ஷன் பூசினால், வண்ணம் சுவரைப் பற்றாது, பொடியைத்தான் பற்றும். எங்கள் கூடத்தில் இரண்டே மாதத்தில் அப்பளம்போல் உரிந்து விழுந்தது. அவசரப்படுத்தியவன் நானே, பெயின்டரைக் குறை கூறுவதற்கில்லை.

தளர்ந்த சுண்ணாம்பைத் தகட்டால் முற்றும் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். உப்புப் பூத்த இடத்தை மட்டும் நீரால் கழுவலாகாது. கரைந்த உப்பு மீண்டும் சுவருக்குள் புகும். உலர்ந்த தூரிகையே போதும். அதற்கும் முன்னர், ஈரம் வரும் வழியைக் கண்டு அடைத்தல் இன்றியமையாதது. குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருக்கையில் எத்துணை பட்டி வைத்தாலும் வீணே. விரிசலைச் சற்று அகலப்படுத்தித் தூசி நீக்கிய பின்னரே அடைக்க வேண்டும். பட்டி காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமர் பூசலாம்.

பழைய ஆயில் பெயின்ட் பூசிய சுவரெனில் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதன் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலின் அச்சுவரை நனைத்தே தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் பாட்டி வீட்டில் இருக்கட்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.