உடைந்த போனுக்குப் பதில் புது போன்... விலையோடு ஆயுளையும் கேளுங்கள்!

கீழே விழுந்த போனைத் திருப்பிப் பார்க்கும்வரை எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும். திருப்பினால் திரை முழுக்கச் சிலந்திவலை. விரல் வைத்தால் அசைவே இல்லை. அடுத்த பத்து நிமிடத்தில் வீடே ஆலோசனைக் கூட்டமாகிவிடும். “டிஸ்ப்ளே மட்டும் மாத்தினா போதாதா?” என்பார் அம்மா. “அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாம்மா” என்பாள் மகள். “ஆடித் தள்ளுபடி ஏதாவது ஓடுதான்னு பாரு” என்பார் அப்பா.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிக்கல் அவசரத்தில்தான். கேஸ் சிலிண்டர் பதிவு, ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப், பேங்க் ஓடிபி என எல்லாமே அந்த ஒரு போனில் இருப்பதால், போன் இல்லாத ஒரு நாளே பெரும்பாடாகிவிடுகிறது. அந்தத் தவிப்போடு கடைக்குப் போகிறவர், முதலில் கண்ணில் பட்டதை வாங்கிவந்துவிடுகிறார். பிறகு அந்தப் போனோடு மூன்று, நான்கு வருடம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. ஆகவே, முதலில் தணிக்க வேண்டியது அவசரத்தை.

முதல் நாள் வேலை

போன் உடைந்தாலும், உள்ளே இருக்கும் சிம் கார்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதைக் கழற்றி, அலமாரியில் கிடக்கும் பழைய போனில் போட்டாலே அழைப்பும் ஓடிபி-யும் வரத் தொடங்கிவிடும். பட்டன் போன்கூடப் போதும். நல்ல சிம் கையில் இருக்கும்போது, மாற்று சிம் வாங்க ஓட வேண்டியதில்லை. அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கினால், மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். அந்த ஒரு நாள் முழுக்க எஸ்எம்எஸ் ஓடிபி வராது. இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு வழியில்லை. அதைக் கழற்ற முடியாது என்பதால், சிம் நிறுவனத்தின் மூலம்தான் வேறு போனுக்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது, உள்ளே இருக்கும் படங்கள். திரையில் படம் தெரிகிறது, தொட்டால்தான் வேலை செய்யவில்லை என்றால், ஓடிஜி அடாப்டர் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டர் மவுஸை போனில் செருகிப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் அம்புக்குறி வந்துவிடும். அதை வைத்தே லாக் எடுத்து, படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். திரை முழுக்க இருட்டாகிவிட்டாலும், கூகுள் போட்டோஸில் ஏற்கெனவே சேமிப்பாகியிருந்த படங்கள் பத்திரமாகவே இருக்கும். வாட்ஸ்அப் பேக்கப் போட்டிருந்தால், அதே போன் எண், அதே கூகுள் கணக்கு இரண்டையும் புது போனில் கொடுத்ததும் பழைய உரையாடல்கள் திரும்பிவரும்.

யுபிஐ செயலிகள் மட்டும் தானாக வராது. அவை சிம்மையும் போனையும் சேர்த்தே பதிவு செய்துகொள்பவை. புது போனில் மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். பாதுகாப்புக்காக, முதல் நாளில் அனுப்பும் தொகைக்குக் குறைந்த வரம்பும் இருக்கும். ஸ்கூல் ஃபீஸ் கட்டக் கடைசி நாளில் போனை மாற்றாமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் முடிந்துவிட்டால், நிதானமாக யோசிக்க ஒரு வாரம் கிடைத்துவிடும்.

சரிசெய்யலாமா, மாற்றலாமா?

அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளே மாற்ற ஆகும் செலவைக் கேட்டாலே பலருக்குத் தலைசுற்றும். அமோலெட் திரைகளில் மேல்கண்ணாடி, தொடுதிரை, படம் காட்டும் பலகை மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால், கண்ணாடி மட்டும் உடைந்தாலும் மொத்தத்தையும் மாற்றுவதே வழக்கம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பாதி விலைக்கு முடித்துத் தருவார்கள். ஆனால், போடப்போவது ஒரிஜினலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அமோலெட் இருந்த இடத்தில் மலிவான எல்சிடி திரையைப் போட்டால், திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாமல் போகக்கூடும். ஒருமுறை திறந்து மூடிய போனில், தண்ணீர் புகாத பாதுகாப்பு பழையபடி இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

புது போன் விலையில் பாதிக்கு மேல் செலவானால் சரிசெய்ய வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அது மட்டும் போதாது. அந்தப் போனுக்கு இன்னும் எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் வரும் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் நான்கு வருடம் பாக்கி இருக்கிற போனுக்கு 6,000 ரூபாய் செலவழிப்பது லாபம். அப்டேட் நின்றுபோன போனுக்கு 3,000 ரூபாய் கொடுப்பதும் வீண்.

பெட்டியில் எழுதாத எண்

கடையில் யாரும் எடுத்துச் சொல்லாத, பெட்டியிலும் பெரும்பாலும் அச்சிடாத எண் இந்த அப்டேட் வருடம்தான். ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் செக்யூரிட்டி அப்டேட், போன் நிறுவனம் அனுப்பினால்தான் கைக்கு வரும். அது நின்ற பிறகும் போன் ஓடும். படம் எடுக்கும், பாட்டுப் பாடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படாமலே இருக்கும். அதே போனில்தான் குடும்பத்தின் வங்கிக் கணக்கும் இருக்கிறது. இன்னும் சில வருடங்கள் போனால், செயலிகளும் கைவிடத் தொடங்கும். 2025 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது அப்படித்தான்.

இந்த வருடக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். 2023-ல் வந்த பிக்ஸல் 8 வரிசைக்கு கூகுளும், 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் 7 வருட அப்டேட் அறிவித்தன. இது விலை உயர்ந்த போன்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். நடுத்தர விலையில் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு 6 வருடம் அறிவிக்கப்பட்டது. 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-ல் வெளியான ஐஓஎஸ் 18 வரை கிடைத்தது. இன்னொரு பக்கம், இரண்டு மூன்று வருடத்தோடு கைகழுவிவிடும் மாடல்களும் அதே அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் தர வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் 80 சதவிகிதம் திறனோடு இருக்க வேண்டும். நம் ஊரில் வாங்குகிறவர்தான் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வருடக் கணக்கு பொதுவாகத் தொடங்குவது அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளில். நாம் பில் போட்ட நாளை அது பார்ப்பதில்லை. தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைக்கும் போன், இரண்டு வருடத்துக்கு முன் வந்த மாடலாக இருக்கலாம். அதன் ஆயுளில் இரண்டு வருடம் கடை அலமாரியிலேயே கழிந்துவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 ரூபாய் போன். மொத்தம் 3 வருட அப்டேட், அதில் ஒரு வருடம் போய்விட்டது. மிச்சம் இரண்டு. வருடத்துக்கு 5,000 ரூபாய் ஆகிறது. இன்னொன்று 18,000 ரூபாய். இப்போதுதான் வந்த மாடல், 6 வருட அப்டேட். வருடத்துக்கு 3,000 ரூபாய். நான்காவது வருடத்தில் பேட்டரி தளர்ந்து, 2,000 ரூபாய் கொடுத்து மாற்றினாலும் வருடத்துக்கு 3,334 ரூபாயைத் தாண்டாது. பெட்டி விலையில் மலிவாகத் தெரிந்தது, வருட விலையில் ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது.

அதற்காக, கையில் 10,000 ரூபாய் இருப்பவர் கடன் வாங்கி 18,000 ரூபாய் போன் வாங்க வேண்டும் என்பதில்லை. அதே 10,000 ரூபாய்க்குள்ளும் புதிதாக வந்த மாடல், கூடுதல் அப்டேட் தரும் மாடல் எது என்று தேடலாம். நோ காஸ்ட் இஎம்ஐ-யில் வாங்குகிறவர்கள், பிராசஸிங் கட்டணத்தையும், வட்டிக்கு விதிக்கப்படும் ஜிஎஸ்டி-யையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

பளிச்சிடும் எண்கள்

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பவை வேறு எண்கள். 50 மெகாபிக்ஸல் என்றால் படம் நான்கு மடங்கு தெளிவாக இருக்கும் என்று பொருளல்ல. பெரும்பாலான போன்கள் நான்கு பிக்ஸல்களை ஒன்றாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்ஸல் படமாகத்தான் சேமிக்கின்றன. கடையில் மங்கலான மூலை ஒன்றில் நின்று ஒரு படம் எடுத்துப் பார்த்தால் கேமராவின் லட்சணம் தெரிந்துவிடும்.

‘8 ஜிபி + 8 ஜிபி ரேம்’ என்று எழுதியிருந்தால், உண்மையான ரேம் முதல் எட்டு மட்டும்தான். அடுத்த எட்டு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது. அதன் வேகம் நிஜ ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. ஸ்டோரேஜ் இஎம்எம்சி வகையா, யுஎஃப்எஸ் வகையா என்றும் கேளுங்கள். யுஎஃப்எஸ் வேகமானது. போன் பழசான பிறகு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

5ஜி என்று எழுதியிருந்தாலும், வீட்டில் இருக்கும் சிம்முக்குச் சரிவருமா என்று பார்க்க வேண்டும். ஜியோவின் 5ஜி தனித்து இயங்கும் எஸ்ஏ முறை. ஏர்டெல் 5ஜி-யைத் தொடங்கியது 4ஜி-யின் துணையோடு இயங்கும் என்எஸ்ஏ முறையில். மலிவு விலை 5ஜி போன்களில் சில எஸ்ஏ முறையில் மட்டுமே இயங்கும். இரண்டு முறையும் உள்ள போன் என்றால் சிம் மாற்றினாலும் கவலை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த பிராண்டுக்கு உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை உடைந்த போன் இன்னொரு முறையும் உடையும். கீழே விழுந்து உடைவதும் தண்ணீரில் விழுவதும் சாதாரண வாரன்ட்டியில் வராது.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023-ல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால், அது முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும். விற்கிறவரின் கூகுள் கணக்கை அவர் கையாலேயே நீக்கச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் ரீசெட் செய்ததும் போன் பூட்டிக்கொள்ளும்.

பழையது யாருக்கு?

புது போன் வந்ததும் பல வீடுகளில் ஒரு வழக்கம். அப்பாவின் போன் அம்மாவுக்கு, அம்மாவினுடையது பாட்டிக்கு. டிஸ்ப்ளே மாற்றிய, அப்டேட் நின்ற, பேட்டரி தளர்ந்த போன் கடைசியில் போய்ச் சேர்வது வீட்டிலேயே வயதானவரின் கைக்கு. அந்தப் பாட்டியின் கணக்கில்தான் மாதாமாதம் பென்ஷன் விழுகிறது. ‘கேஒய்சி முடிக்கலைன்னா அக்கவுன்ட் முடங்கிடும்’ என்று மிரட்டும் போலி லிங்க்கும் அவரைத் தேடித்தான் வருகிறது. ஓடிபி-யைக் கேட்டதும் சொல்லிவிடுகிறவரை எந்த அப்டேட்டும் காப்பாற்றாது. அதை உட்காரவைத்துச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். ஆனால், ஏற்கெனவே தடுமாறுகிறவரின் கையில் ஓட்டை விழுந்த போனையும் கொடுப்பது என்ன நியாயம்?

செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ அல்லது ‘செக்யூரிட்டி’ பகுதியில், கடைசி செக்யூரிட்டி அப்டேட் எந்த மாதம் வந்தது என்று தெரியும். வீட்டில் இருக்கும் எல்லா போன்களிலும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரு வருடத்துக்கும் மேல் பழசாக இருந்தால், அந்தப் போனைப் பாட்டு கேட்கவும் சீரியல் பார்க்கவும் வைத்துக்கொண்டு, வங்கி, யுபிஐ செயலிகளை நீக்கிவிடுவது நல்லது. பென்ஷன் கணக்கு இருக்கும் போன், ஆயுள் பாக்கி உள்ள போனாக இருக்கட்டும். எதற்கும் உதவாத போனை குப்பைத்தொட்டியில் வீசாமல், உள்ளே இருப்பதை அழித்துவிட்டு மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

புது போன் வாங்கிய பில்லை எங்கே வைத்தோம் என்று தேடுவதே பல வீடுகளில் வாடிக்கை. இந்த முறை அதைப் பத்திரப்படுத்தும்போது, பின்பக்கம் ஒரு வரி எழுதிவையுங்கள்: இந்தப் போனுக்கு அப்டேட் முடியும் மாதம், வருடம். அடுத்த முறை போன் கீழே விழும்போது, சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்த வரியிலேயே இருக்கும்.