எம்.பி.கிட்ட எதைக் கேக்கணும்?

நம்ம பக்கம் ஒரு எம்.பி. நல்லவரா, ஆகாதவரா என்று எப்படி முடிவு பண்றாங்கன்னு கவனிச்சுப் பாருங்க. "கூப்பிட்டா போன் எடுக்கறாருங்க." "கல்யாணம், காதுகுத்து, எழவு, எதையும் விடாம வந்துட்டுப் போறார்." "ஸ்கூல் முக்குல நிழற்குடை கட்டிக் குடுத்தார்." இல்லைன்னா, "ஜெயிச்சதோட சரி, ஆளையே காணோம்." டீக்கடையில் நான் கேட்கிற தீர்ப்பெல்லாம் இவ்வளவுதான். அவர் டெல்லியில் என்ன கேட்டார், எந்தச் சட்டத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டார்னு ஒருத்தரும் பேசறதில்லை.

கேட்டா ஒரு பதில் ரெடியா இருக்கும். "டெல்லி வேலை வேற, தொகுதி வேலை வேறங்க. நமக்குத் தொகுதி வேலை நடந்தாப் போதும்." இந்தப் பிரிவினையே தப்பு என்பது என் கருத்து. ஊர்ல காதில் விழற குறையை எடுத்துட்டுப் போய் டெல்லியில் விதியை மாத்த வைக்கணும். டெல்லியில் போடற விதி நம்ம ஊர்ல என்ன பண்ணுதுன்னு திரும்பி வந்து பாக்கணும். போறதும் வர்றதும் ஒரே தடம்தான்.

மொதல்ல காசுக் கணக்கைப் பாத்துடலாம். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி 1993-ல் ஆரம்பிச்சது. 2011-12-லிருந்து வருஷத்துக்கு 5 கோடி ரூபாய். எம்.பி. சிபாரிசு பண்ணுவார், மாவட்ட நிர்வாகம் வேலையை முடிக்கும். தமிழ்நாட்டில் ஒரு எம்.பி. தொகுதிக்குள்ள 6 சட்டமன்றத் தொகுதி இருக்கு. பொள்ளாச்சின்னா தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, வால்பாறை, உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம். 2024 தேர்தலில் மொத்த ஓட்டு 15 லட்சத்துக்கு மேல இருந்தது. வகுத்துப் பாருங்க, ஒரு ஓட்டுக்கு வருஷம் 33 ரூபாய் வந்தாலே அதிகம். ரோட்டோரம் ஒரு எளநிகூட அந்தக் காசுக்குக் கிடைக்காது. இந்த 33 ரூபாயை வெச்சுத்தான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு மனுஷனுக்கு மார்க் போடறோம்.

கொரோனா வந்தப்ப 2020 ஏப்ரலில் இந்த நிதியையே நிறுத்தி வெச்சாங்க. 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தது. நிழற்குடைதான் எம்.பி. வேலைன்னா, அந்த ஒன்றரை வருஷம் அவங்களுக்கு வேலையே இல்லைன்னு ஆகுது. ஆனா அதே காலத்துலதான், 2020 செப்டம்பரில், மூணு வேளாண் சட்டம் வந்தது. நிலைக்குழுப் பரிசீலனைக்கு அனுப்பல. மூணில் ரெண்டை மாநிலங்களவையில் செப்டம்பர் 20-ம் தேதி குரல் ஓட்டில் நிறைவேத்தினாங்க. 2021 நவம்பர் 29-ம் தேதி ஒரே நாளில் ரெண்டு சபையிலும் விவாதம் இல்லாமலே ரத்து பண்ணினாங்க. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதாங்கிற சண்டைக்கு நான் இப்ப வரல. நம்ம விளைச்சலை யார்கிட்ட எப்படி விக்கறதுங்கிற சமாச்சாரம் அது. அந்தச் சமயத்துல நம்ம எம்.பி. என்ன பண்ணினார்னு அன்னைக்கு எத்தனை பேர் விசாரிச்சோம்?

இப்ப தென்னைக்கு வருவோம். நம்ம பக்கம் தோப்பு இல்லாத குடும்பம் குறைவு. காய் விலையைப் பத்தி மண்டியில் மணிக்கணக்காப் பேசுவோம். ஆனா அந்த விலையை ஆட்டற கயிறுகளில் சிலது டெல்லியில இருக்கு. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து வருது, அதுல பாமாயில் பெரும்பங்கு. கச்சா பாமாயிலுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2024 செப்டம்பர் வரைக்கும் சுத்தமா இல்லை. அப்ப 20 சதவீதமாக்கினாங்க. 2025 மே கடைசியில் 10 சதவீதமா இறக்கினாங்க. தேங்காய் விலை இந்த வரியால மட்டும் ஏறி இறங்குதுன்னு சொல்ல வரல. காய்ப்பு குறைஞ்சா ஏறும், வரத்து கூடினா இறங்கும். அது நமக்கே தெரியும். ஆனா காய்ப்பு நம்ம கையிலயும் இல்லை, மந்திரி கையிலயும் இல்லை. வரி மந்திரி கையில இருக்கு. அதனால அதைப் பத்தித்தான் மந்திரிகிட்ட கேக்க முடியும். கேக்க வேண்டிய ஆள் எம்.பி.

கொப்பரை ஆதார விலையும் அப்படித்தான். அரவைக் கொப்பரைக்கு 2024-ல் குவிண்டாலுக்கு 11,160 ரூபாய், 2025-ல் 11,582 ரூபாய். விவசாய செலவு மற்றும் விலை ஆணையம் சிபாரிசு செய்யும், மத்திய அமைச்சரவை முடிவு பண்ணும். ஆள் கூலி, உரம், மட்டை உரிக்கற கூலி எல்லாம் நம்ம ஊர்ல என்ன ஆகுதோ, அந்தக் கணக்கு அங்க போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு பாக்க வேண்டியவர் யாரு? அதே சமயம், ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதிலா தேங்காய் எண்ணெய் போடுங்கன்னு நாம ரொம்ப நாளாக் கேக்கறோமே, அது மாநில அரசு முடிவு பண்ற விஷயம். அதை எம்.எல்.ஏ.கிட்ட கேக்கணும். கதவு மாறித் தட்டினா யாரும் திறக்க மாட்டாங்க.

நோய்க்கு வருவோம். வெள்ளை ஈ 2016-ல் நம்ம பொள்ளாச்சிப் பக்கம் தெரிய வந்தது. வாடல் நோய் கேரளாவில் ரொம்ப காலமா இருக்கறது, இப்ப இந்தப் பக்கமும் மரம் மரமா வெட்ட வைக்குது. வாடலுக்கு மருந்து கிடையாது. நோய் வந்த மரத்தை எடுத்துட்டு வேற வெக்கறதுதான் வழி. இதைப் பத்தி யார்கிட்ட கேட்டாலும், "விவசாயம் மாநில அரசோட துறைங்க"ன்னு ஒரு வார்த்தையில் முடிச்சுடறாங்க. பாதி உண்மைதான். அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் விவசாயமும் பயிர் நோய்த் தடுப்பும் இருக்கு. ஆனா பொதுப் பட்டியலில் 29-வது இனத்தைப் பாருங்க. மனுஷன், கால்நடை, பயிர் எதைத் தாக்கற நோயா பூச்சியா இருந்தாலும், அது ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாம தடுக்கறது அதில் வருது. அதாவது டெல்லிக்கும் அதுல பொறுப்பு இருக்கு. வாளையாறு தாண்டி வர்ற நோய்க்கு ரெண்டு மாநிலத்துலயும் ஒரே நேரத்துல வேலை நடந்தாத்தான் பலன். இங்க வெட்டி அங்க விட்டா திரும்ப வரும். கொச்சியில் இருக்கற தென்னை வளர்ச்சி வாரியம் மத்திய அரசோடது. காசர்கோட்டுல இருக்கற தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் மத்திய அரசோடதுதான். ஒரு தோப்புல வாடிப்போன மரம் உள்ளூர்ப் பிரச்சனையா, தேசியப் பிரச்சனையா? சொல்லுங்க பாக்கலாம்.

இன்னொரு உதாரணம் உயர்மின் கோபுரம். நம்ம கொங்குப் பக்கம் இதுக்காக எத்தனை போராட்டம் நடந்ததுன்னு தெரியும். "என் காட்டுக்குள்ள என்னைக் கேக்காம எப்படி வரலாம்?" என்று கேட்டவங்களுக்கு வந்த பதில் 1885-ம் வருஷத்து தந்திச் சட்டம். 2003 மின்சாரச் சட்டம் 164-வது பிரிவு வழியா அந்தப் பழைய அதிகாரத்தை மின்பாதைக்கும் குடுக்கலாம். நிலத்தை எடுக்கவும் மாட்டாங்க, விடவும் மாட்டாங்க. சேதத்துக்கு மட்டும் இழப்பீடு. 2015 அக்டோபரில் மத்திய மின்துறை ஒரு நெறிமுறை குடுத்தது. கோபுரம் நிக்கற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போற பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம்னு உயர்த்தினாங்க. கலெக்டர் ஆபீஸ் முன்னாடி உக்காந்தவங்களுக்கு வேணும்கிறது அந்த ஆபீஸ் கையில இல்லாத ஒண்ணு. விதி டெல்லியில இருந்தது. மாறினதும் டெல்லியிலதான்.

சரி, நம்ம மண்ணுல இருந்து போய் டெல்லியில விதியை மாத்தினவங்க யாராவது உண்டான்னா, உண்டு. சி.சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரர். 1962-ல் பொள்ளாச்சித் தொகுதியில் ஜெயிச்சு எம்.பி. ஆனார். 1964-ல் உணவு, விவசாய மந்திரி. நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பாத்துட்டு இருந்த காலம். விவசாயிக்கு லாபமான விலை குடுத்தாத்தான் விளைவிப்பான் என்பது அவர் வாதம். அமைச்சரவைக்குள்ளயே எதிர்ப்பு இருந்தும் நின்னு வாதாடினார். 1965-ல் விவசாய விலை ஆணையம் வந்தது. நம்ம கொப்பரைக்கு இன்னைக்கு விலை சிபாரிசு பண்ணுதே, அதே ஆணையம்தான், பேரு மட்டும் பின்னாடி மாறிச்சு. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ல் ஆரம்பிச்சது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 1966-ல் மெக்சிகோவில் இருந்து 18,000 டன் கோதுமை விதை வந்து இறங்கிச்சு. ரெண்டே வருஷத்துல கோதுமை விளைச்சல் எகிறி, 1968-ல் அதுக்குத் தபால் தலையே போட்டாங்க.

ஆனா அவர் 1967 தேர்தலில் தோத்துட்டார். இந்தி எதிர்ப்பு ஒரு பக்கம், அரிசித் தட்டுப்பாடு இன்னொரு பக்கம். ரூபாய்க்கு மூணு படி அரிசி என்ற வாக்குறுதி முன்னாடி, வடக்கே வந்துட்டு இருந்த கோதுமை எடுபடல. ஓட்டுப் போட்டவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். சட்டியில அரிசி இல்லாதவனுக்குப் பஞ்சாபில் விளையற கோதுமை என்ன ஆறுதல்? இதுல இருந்து நான் எடுத்துக்கறது ஒண்ணுதான். கொள்கை பலன் குடுக்க நாள் ஆகும், அஞ்சு வருஷத்துக்குள்ள முடியாமலும் போகும். ஆனா பலன் வந்தா ஐம்பது வருஷம் நிக்கும். கெடுதலும் அப்படித்தான். உரத்தையும் மருந்தையும் நம்பிப் போன அந்தப் பாதையில் மண்ணு என்ன ஆச்சுன்னு இன்னைக்கு நாம பேசிட்டு இருக்கோமே, அதுவும் அதே முடிவுகளோட தொடர்ச்சி. இவ்வளவு பெரிய விஷயத்தை நாம கவனிக்காம விட்டா, வேற யாரோ நமக்காக முடிவு பண்ணிட்டுப் போயிடுவாங்க.

"ஒத்தை எம்.பி. என்னங்க பண்ணுவார்? கட்சி சொன்ன மாதிரி ஓட்டுப் போடணும்"னு சிலர் சொல்வாங்க. நியாயமான பேச்சு. 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவியே போகலாம். ஆனா கொறடா உத்தரவு ஓட்டுக்குத்தான், கேள்விக்கு இல்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விக்கு மந்திரி எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும், 230 கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். பூஜ்ஜிய நேரம் இருக்கு. 377-வது விதி இருக்கு. விவசாயத்துக்குன்னு 31 பேர் கொண்ட நிலைக்குழு இருக்கு. அங்க அதிகாரிகளைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேக்கலாம். ஒரு கேள்வியால சட்டம் மாறிடாது. ஆனா மந்திரி பதில் எழுத்தில் வந்தாச்சுன்னா, அடுத்த தடவை அதைப் பிடிச்சுக் கேக்கலாம். நாமளும் கேக்கலாம்.

இதுக்கு நேர் எதிரான ஆளும் உண்டு. சபையில நல்லாப் பேசுவார், பேப்பர்ல படம் வரும், தொகுதிப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டார். அவரையும் நான் மெச்ச மாட்டேன். வாடிப்போன மரத்தைக் கண்ணால பாக்காதவர் வாடல் நோயைப் பத்தி என்ன கேள்வி எழுதுவார்? காதுகுத்துக்கு வர்றதும் ஒரு வகையில் நல்லதுதான். வந்த இடத்துல நாம என்ன பேசறோம்கிறதுதான் கணக்கு.

அதனால நான் சொல்றது இதுதான். தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணி எல்லாம் பஞ்சாயத்து வேலை. 73-வது திருத்தம் பஞ்சாயத்துக்குன்னு 29 விஷயத்தைப் பட்டியல் போட்டிருக்கு. வருஷத்துல ஆறு நாள் கிராம சபை நடக்குது, அங்க போய்க் கேப்போம். பாமாயில், மாநில அரசுத் திட்டம், தாலுகா ஆபீஸ் சமாச்சாரம் எம்.எல்.ஏ.க்கு. எம்.பி. வந்தா நாலே நாலு கேள்வி:

போன கூட்டத்தொடரில் தென்னையைப் பத்தி என்ன கேட்டீங்க, என்ன பதில் வந்தது?

இறக்குமதி வரியை மாத்தும்போது நம்ம தரப்பை யார்கிட்ட, எப்படிச் சொன்னீங்க?

வாடல் நோய்க்கு ரெண்டு மாநிலமும் சேந்து வேலை செய்ய என்ன முயற்சி எடுத்தீங்க?

அடுத்த கூட்டத்தொடரில் எதைக் கேக்கப் போறீங்க?

சபையில் கேட்ட கேள்வியும் வந்த பதிலும் நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கு. வீட்டுல படிக்கற பசங்ககிட்ட சொன்னா அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் குடுத்துடுவாங்க. பாத்துட்டுப் போய்க் கேளுங்க. நாலு ஊர்ல நாலு பேர் இப்படிக் கேட்டா, அடுத்த தடவை வர்றப்ப மாலையோட சேத்து ஒரு பைலும் எடுத்துட்டு வருவார். நிழற்குடை வேணாம்னு சொல்லல, வெயில் காலத்துல தேவைதான். அதைக் கேட்டு முடிச்சதும் வாயை மூடிக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

உங்க ஊர்ல எம்.பி.கிட்ட கேக்க வேண்டிய அஞ்சாவது கேள்வி என்னன்னு எழுதுங்க. சேத்துக்கலாம்.