லிங்க் இருக்கு, பக்கம் எங்கே?

வன்முறை நிறைந்த வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ தனியாக எழுதிய கருத்தின் அடிக்குறிப்பில் ஓர் இணைய முகவரி இருந்தது. பிற்பாடு அந்த முகவரி காலாவதியாகி, வேறு யாரோ கைக்குப் போனது. தேடிப்போனவர்களுக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை, கிண்டல்தான் கிடைத்தது. இந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டாமல் தப்பித்தீர்களே, சந்தோஷம்தானே என்கிற தொனியில் ஓர் அறிவிப்பு! குறும்புக்காரர்தான். ஆனால், விஷயம் தெரிந்தவர்.

இது ஒற்றைச் சம்பவம் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த லிங்க்குகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஏறக்குறைய பாதி, முதலில் காட்டிய தகவலைக் காட்டவில்லை. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்துக்கே இந்த கதி.

காரணம், லிங்க் போடுவது அத்தனை சுலபம். இணையப் பக்கங்களை எழுதும் குறியீட்டு மொழியான எச்.டி.எம்.எல்.லில் ‘ஏ’ என்று ஒரு குறி உண்டு. ‘ஆங்கர்’, அதாவது நங்கூரம் என்பதன் சுருக்கம். அதற்குள் ‘எச்ரெஃப்’ என்ற இடத்தில் முகவரியை எழுதி, வாசகர் தொட வேண்டிய சொற்களைச் சேர்த்து, குறியை மூடினால் லிங்க் தயார். தபால் உறைமேல் விலாசம் எழுதுகிற மாதிரிதான். அந்த வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பேனா கேட்காது.

கேட்க வைத்திருக்கலாம். வலைக்கு முந்தைய சில ஹைப்பர்டெக்ஸ்ட் அமைப்புகள் லிங்க்கின் இரண்டு முனைகளையும் கணக்கில் வைத்திருந்தன. 1989-ல் செர்ன் ஆய்வகத்தில் வலைக்கான திட்டத்தை முன்வைத்த டிம் பெர்னர்ஸ்-லீ அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்று விட்டார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் லிங்க் போடலாம் என்றானது. வலை உலகெங்கும் படர்ந்ததற்கு அது முக்கியமான காரணம். எதிர்முனையில் பக்கம் காணாமல்போனால் இந்த முனைக்குச் சேதி வராததற்கும் அதுதான் காரணம். தட்டிப் பார்த்த பிறகுதான் ‘404’ தெரியும்.

பக்கம் எழுதுகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டபிள்யூ3சி அமைப்பின் வேலிடேட்டரில் பக்கத்தைக் கொடுத்து, பிழை இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது பார்ப்பது இலக்கணத்தை. மேற்கோள் குறி விட்டுப்போனால் பிடிக்கும். செத்துப்போன முகவரியை ஒழுங்காக எழுதியிருந்தால் ‘சரி’ என்றுவிடும். கதவு கதவாகத் தட்டிப் பார்க்க லிங்க் செக்கர் என்று தனிக் கருவி இருக்கிறது. ஒரே பக்கத்துக்குள் இறங்கிப் போகும் லிங்க்குகளையும் அதில் சோதிக்கலாம். பொருளடக்கத்தைத் தொட்டும் போன் திரை அசையாமல் நின்றால், பெரும்பாலும் அந்தப் பகுதிக்குரிய ‘ஐடி’ பெயர் விட்டுப்போயிருக்கும். பிரவுசர் அதைச் சொல்லாது.

ஆனால், அலிட்டோவின் அடிக்குறிப்பு லிங்க் செக்கரிடமும் தப்பியிருக்கும். கதவு திறந்தது, உள்ளே ஆளும் இருந்தார், ஆனால் வேறு ஆள். அதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

இதற்காகவே ஹார்வர்டு சட்ட நூலகம் ‘பெர்மா டாட் சிசி’ என்ற சேவையைத் தொடங்கியது. மேற்கோள் காட்டும்போதே பக்கத்தின் நகலை அங்கே சேமித்து, அந்த நகலுக்கு லிங்க் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே தொலைந்த பக்கம் என்றால், பழைய முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் போட்டுப் பார்க்கலாம். யாராவது சேமித்துவைத்திருந்தால் தேதியோடு வரும்.