தரங்கம்பாடிச் செலவு

மாணவர்களே! நொய்யற்கரையில் பிறந்த நமக்குக் கடல் என்றும் புதுமையே. ஆயினும், கோவையிலிருந்து தரங்கம்பாடிக்குச் செல்வோர், தேனிய நாட்டார் 1620இல் எழுப்பத் தொடங்கிய கோட்டையை ஒருமுறை சுற்றிவந்து, சிப்பி வாங்கிக்கொண்டு மீள்வது எனக்கு உடன்பாடன்று.

1706இல் அங்கு வந்திறங்கிய செருமானியர் சீகன்பால்கு, பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அவ்வூரிலேயே அச்சேறி முடிந்தது. (1578இலேயே கொல்லத்தில் தமிழ் நூலொன்று அச்சானதுண்டு.) செருமானிய நாட்டிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியனவாதலின் தாள் மிகுதியாகச் செலவாயிற்று, எனவே சிற்றெழுத்துகளை இங்கேயே வார்த்தனர். ஓலையில் எழுதிப் பழகிய தமிழுக்கு இஃது எத்துணைப் பெரிய திருப்பம்! அதனைக் கேட்டறியாது திரும்புதல் பயணமாகுமோ?

ஓரிரவேனும் தங்குக. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலையும் காண்க. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.