குடல் புற்றும் தலையெழுத்தும்

புற்றுநோய் வந்தால் "பூர்வ ஜென்ம பாவம்" என்று சொல்லிவிடுவது நம் வைதீகர்களுக்குச் சுலபமான வைத்தியமாயிருந்து வருகிறது. சொல்லுகிறவருக்கு அதனால் காலணா நஷ்டமில்லை. பரிகாரம், தட்சணை என்று லாபமே உண்டு. கேட்கிறவனுக்கோ உயிரே நஷ்டம்.

மயிலாப்பூரில் நமக்குப் பழக்கமான தோழர் ஒருவருக்கு மலத்தோடு இரத்தம் போயிற்று. ஜாதகம் பார்த்தவர் கேதுவின் கோளாறு என்றார். எட்டு மாதம் பரிகாரத்திலேயே கழிந்தது. பிறகு டாக்டர் சோதித்தபோது குடலில் தோன்றிய புற்று ஈரல்வரை போயிருந்தது. கேது அந்த எட்டு மாதத்தைத் திருப்பித் தருவாரா என்று கேட்கிறோம்.

உண்மைதான் என்ன? நம் உயிரணுக்களில், "போதும், இனிப் பெருகாதே" என்று தடுக்கும் ஜீன்கள் உண்டு. மோட்டாருக்குப் பிரேக் போன்றவை அவை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என ஒவ்வொன்றும் இரட்டையாயிருக்கிறது. ஒன்று கெட்டால் மற்றொன்று காக்கும்; பெரும்பாலும் இரண்டும் கெட்ட பிறகே ஆபத்து. குழந்தைகளின் கண் புற்றை ஆராய்ந்து 1971-இல் இதை எடுத்துக்காட்டியவர் அமெரிக்க டாக்டர் ஆல்பிரெட் நட்சன். குடல் புற்றில் பெரும்பாலும் முதலில் கெடுவது ஏ.பி.சி. என்னும் ஜீன்; அது 1991-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சில சமயம் ஜீனின் எழுத்து அழிவதேயில்லை. மெத்தில் என்னும் இரசாயனத் துணுக்குகள் அதன் வாசலில் ஒட்டிக்கொண்டு, வாசிக்க முடியாமல் பூட்டிவிடுகின்றன. எழுத்துப் பிழை திருத்தும் எம்.எல்.எச்.1 என்னும் ஜீன் சிலருக்கு இப்படிப் பூட்டப்படுவதால் பிழைகள் குவிந்து புற்றாகின்றன.

"பார்த்தீர்களா, நீங்களும் எழுத்து என்றுதானே சொல்லுகிறீர்கள்? அதுதான் தலையெழுத்து!" என்று சில பண்டிதர்கள் குதிக்கலாம். தலையெழுத்தை யார் பார்த்தார்? ஏ.பி.சி. இருக்குமிடம் ஐந்தாவது குரோமோசோம் என்று காட்ட முடியும். குடல் புற்று கண்டவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேட்டைப் பிறக்கும்போது கொண்டுவந்தவர்களல்லர்; வயது ஏற ஏற வந்தது. கெட்ட ஏ.பி.சி. பரம்பரையாக வரும் சில குடும்பங்களிலுங்கூட ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதி வாய்ப்பே உண்டு. வந்தவரையும் இரத்தச் சோதனையால் முன்கூட்டியே அறிந்து, குடலைக் கவனித்துவந்து, வேண்டும்போது அறுவை செய்து காப்பாற்றலாம். பிரம்மா எழுதியதை இப்படி அறிந்து தடுக்க எந்தச் சாஸ்திரத்தில் இடமிருக்கிறது?

பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-இல் தம் தங்கையை மலக்குடல் புற்றுக்குப் பறிகொடுத்தார். அவர் விதியென்று அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டாரா? பல்லாண்டு போராடி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தொடக்கத்தில் அங்கிருந்தவை 12 படுக்கைகளே. கோவில் நகையால் தீராததைத் தீர்க்கும் முயற்சி அது.

தோழர்களே! சிறு கட்டி பெரும்பாலும் புற்றாக மாறப் பத்து வருஷம் போலாகிறது. அதற்குள் குழாய்விட்டுப் பார்த்து அதை எடுத்துவிட்டால் புற்றையே தடுக்கலாம். ஆகவே மலத்தில் இரத்தம் கண்டாலோ, மலம் கழியும் வழக்கம் மாறி நீடித்தாலோ, குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தாலோ, ஜோசியன் வீட்டுக்கல்ல, டாக்டரிடம் போங்கள். மூலமாயிருந்தால் நல்லது, அதையும் டாக்டரே சொல்லட்டும். நோயாளியைப் பாவி என்று ஒதுக்கும் வாய்களை மட்டும் இனி அடக்குங்கள்.