இடாப்பில் இல்லாத கமக்காரன்

அட்டாளைச்சேனை வட்டைகளிலே பெரும்போக விதைப்புத் தொடங்கும் நாட்களில் கமநல சேவை நிலையத்துக்கு வருவோர் இருவகையினர். ஒருவர் பெயர் காணி இடாப்பிலே உண்டு. மற்றவர் காலிலே சேறு உண்டு. பசளை மானியம் இடாப்பிலே உள்ளவருக்கே கிடைக்கின்றது.

அரசாங்கம் எதுவும் கொடுப்பதில்லை என்று நாம் கூறவரவில்லை. 2005ஆம் ஆண்டு முதல் 50 கிலோ பசளை மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2021இல் இரசாயனப் பசளையைத் தடுத்து, அதே ஆண்டு நவம்பரிலே அத்தடையைக் கைவிட்ட கூத்தையும் நாடு கண்டது. 2024 பெரும்போகத்துக்கு ஹெக்டயருக்கு 25,000 ரூபா என்றனர். அவ்வாண்டு நவம்பர் வெள்ளம் வயல்களை மூடியபோது, ஏக்கருக்கு 40,000 ரூபா வரை நட்டஈடு என்றனர். நன்று. அது யார் கைக்குச் செல்கின்றது?

வாய்ப்பேச்சிலே குத்தகை பேசி, கடன்பட்டு உழுது விதைத்தவனுக்கு வெள்ளம் வந்தால் நட்டம் அவனுடையது. நட்டஈட்டுப் பத்திரமோ காணிக்காரர் பெயரில் எழுதப்படுகின்றது. அல்லாஹ்வுக்கு அஞ்சி அப்பணத்தைத் தாமே கொண்டுசென்று கொடுக்கும் போடிமாரும் உளர். அதை நாம் மறைக்கவில்லை. ஆயின், உரிமையாக வரவேண்டியது தயவாக வருவது ஏன்?

இதன் வேர் சட்டத்திலேயே உள்ளது. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், குத்தகைக்காரனை எழுப்பமுடியாத நிலையான உரிமையை அவனுக்கு வழங்கிற்று. 1979ஆம், 2000ஆம் ஆண்டுகளின் கமநலச் சட்டங்களும் அப்பாதுகாப்பைத் தொடர்ந்தன. நோக்கம் உயர்ந்தது, விளைவு வேறு. ஒருமுறை பெயர் எழுதினால் வயல் கைவிட்டுப் போகுமென்று காணிக்காரர் அஞ்சினர். எழுத்தும் நின்றது, போகத்துக்குப் போகம் ஆளும் மாறினான். போதாக்குறைக்கு, நம்மிடம் வரும் உறுதிகளிலே பங்கு பிரியாத வயல்கள் எத்தனை! ஐந்து பிள்ளைகளுக்குச் சொந்தம். ஒருவர் கொழும்பில், ஒருவர் கட்டாரில். யார் கையொப்பமிடுவது?

நாம் கேட்பது பெரிய புரட்சியன்று. காணி இடாப்போடு, அந்தப் போகத்துக்கு மட்டுமான செய்கையாளர் இடாப்பு ஒன்றும் வேண்டும். இந்த வயலை இப்போகத்தில் யார் செய்கின்றார் என்பதைக் கமக்காரர் அமைப்பும் வட்டவிதானையும் அறிவர்; வாய்க்காலில் தண்ணீர் கேட்டு நிற்பவனை அவர்களுக்குத் தெரியாதா? மானியமும் நட்டஈடும் அவ்விடாப்பின்படி செல்லட்டும். அப்பதிவு காணி உரித்துக்கோ நிரந்தரக் குத்தகைக்கோ சான்றாகாது என்று சட்டத்திருத்தத்திலே தெளிவாக எழுதப்படட்டும். காணிக்காரர் அச்சம் தீரும்.

இதைச் சாட்டாக வைத்துப் பழைய குத்தகைக்காரரையும் ஒருபோகக்காரராக்க முனைவோர் இருப்பர். ஆகவே ஏற்கெனவே பதியப்பட்டோரின் உரிமையிலே கைவைக்க இடமளித்தலாகாது.

திருத்தம் பாராளுமன்றத்துக்கு வருமுன், அடுத்த போகத்தின் ஆரம்பக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றலாம். குத்தகைக்காரரும் அன்று வயலைவிட்டு வந்து, கூட்டத்திலே தம் பெயரையும் செய்யும் ஏக்கரையும் எழுதிக் கொடுக்கவேண்டும். அதன் பிரதியொன்றைக் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்ள மறவாதிருப்பாராக.