மெமரி கார்டும் குண்டர் சட்டமும்

குண்டர் சட்டம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தின் முழுப் பெயரை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கள்ளச்சாராயக்காரர்கள், இணையவழிக் குற்றவாளிகள், போதை மருந்துக் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், குண்டர்கள், மணல் கடத்துபவர்கள், பாலியல் குற்றவாளிகள், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவர்கள் என்று நீண்டுகொண்டே போகிற அந்தப் பெயர் ‘வீடியோ திருடர்கள்’ என்று முடியும். சாதியின் பெயரால் சேரியைக் கொளுத்துகிறவர்களுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் கிடையாது. சினிமாவை நகல் எடுத்தவருக்கு உண்டு.

2004இல் ஜெயலலிதா ஆட்சியில், திரைத்துறையினர் கேட்டுக்கொண்டதற்காகச் சேர்க்கப்பட்ட சொற்கள் அவை. அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின. அண்ணாவின் பெயரைச் சொல்லியும் பெரியாரின் பெயரைச் சொல்லியும் வந்தவர்கள் யாரும் அந்த இரண்டு சொற்களைத் தொடவில்லை.

இந்தச் சட்டத்தில் ஒருவரைச் சிறையில் அடைக்க மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்திட்டால் போதும். ஓராண்டு வரை வெளியே வர முடியாது. சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எதுவும் தேவையில்லை. அறிவுரைக் கழகத்தின் முன்னால் நிற்கும்போது வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமைகூடக் கிடையாது. அரசமைப்பின் 22ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. வாழ்வுரிமைப் பிரிவிலிருந்து ‘உரிய சட்ட நடைமுறை’ என்ற பாதுகாப்பை எடுத்துவிட்டார்களே, அதற்கு ஓரளவாவது ஈடு செய்யலாம் என்று 1949இல் அம்பேத்கர் கொண்டுவந்த பிரிவு அது. கைதானவர்களுக்கு அது தரும் பாதுகாப்புகளிலிருந்து தடுப்புக் காவல் கைதிகளுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் இன்றைக்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த பையன் வரைக்கும் உள்ளே இழுக்க முடிகிறது.

யார் மாட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. முன்பு நடைபாதையில் தார்ப்பாய் விரித்து சிடி விற்றவர். பிறகு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரீசார்ஜ் கடை வைத்து, இருபது ரூபாய்க்குப் படம் ஏற்றிக் கொடுத்தவர். இப்போது டெலிகிராம் குழுவுக்கு அட்மினாக இருக்கிற கல்லூரி மாணவர். முதல் பிரதி எங்கிருந்து கசிந்தது, எந்தத் திரையரங்கில் யார் துணையோடு கேமரா வைத்தார்கள், எந்த நாட்டு சர்வரிலிருந்து படம் இறங்குகிறது, சூதாட்ட விளம்பரப் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று தேடிப் போவது கடினமான வேலை. கடைக்காரப் பையனைத் தூக்கி, கணினியையும் ஹார்ட் டிஸ்க்கையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்து, பத்திரிகைக்குக் கொடுப்பது சுலபமான வேலை.

குண்டர் சட்ட ஆணைகளை எதிர்த்துப் போடப்படும் ஆட்கொணர்வு மனுக்களில் உயர் நீதிமன்றம் என்ன காரணம் சொல்லி ஆணையை ரத்து செய்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கொடுத்த ஆவணத்தின் நகல் படிக்க முடியாதபடி மங்கலாக இருந்தது, மனுவை அரசு உரிய நேரத்தில் பரிசீலிக்கவில்லை, இவருக்குப் பிணை கிடைத்துவிடும் என்று காட்டுவதற்கு எடுத்துவைத்த முந்தைய வழக்கு பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப இவைதான். நகல் எடுத்ததற்காக உள்ளே போனவர், அரசு எடுத்த நகல் சரியில்லாததால் வெளியே வரலாம். அதற்குள் மாதங்கள் போயிருக்கும், கடையும் போயிருக்கும். 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: வழக்கமான சட்டத்தால் கையாள முடிகிற குற்றத்துக்குத் தடுப்புக் காவலைப் பயன்படுத்தக் கூடாது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், அதே குண்டர் சட்டம்தான். காலாவதியான மருந்துக்கு லேபிள் மாற்றி விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த நியாயம் பொருந்தும் என்றால், பாட்டை நகல் எடுத்தவருக்குப் பொருந்தாதா?

வழக்கமான சட்டம் ஒன்றும் மென்மையானதல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63: குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. இதில் பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யலாமா, பிணை உண்டா என்பதில் உயர் நீதிமன்றங்கள் பல காலம் ஒன்றுக்கொன்று முரணாகத் தீர்ப்புச் சொல்லிவந்தன. 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில், கைது செய்யலாம், இது பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. பிரிவு 64 இன்னும் மோசம். குற்றம் நடந்தது, நடக்கிறது என்பதற்காக மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று ஒரு உதவி ஆய்வாளர் நினைத்தாலே வாரண்ட் இல்லாமல் பிரதிகளைக் கைப்பற்றலாம். 1984 திருத்தத்துக்கு முன்பு இந்த அதிகாரம் போலீசுக்கு இல்லை. நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த பிறகுதான் பறிமுதல்.

இதே சட்டத்தின் பிரிவு 52, விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் வகுப்பறைக்கும் விலக்குகள் தருகிறது. ஒரு நகல் அந்த விலக்குக்குள் வருமா என்பதில் டெல்லி பல்கலைக்கழகத்தின் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை வழக்கு 2012 முதல் 2016 வரை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. பதிப்பகங்களின் சார்பில் பெரிய வழக்கறிஞர்கள் நின்று வாதாடினார்கள். கடைசியில் ஜெராக்ஸ் கடை பக்கம்தான் நியாயம் போனது. நீதிபதிகளுக்கு நான்கு ஆண்டு பிடித்த கேள்விக்கு, கடை வாசலில் நிற்கிற உதவி ஆய்வாளர் நான்கு நிமிடத்தில் விடை கண்டுபிடித்துவிட வேண்டும் என்கிறது பிரிவு 64.

இங்கே இன்னொரு தீர்ப்பை நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. 2018 மார்ச் 20, காசிநாத் மகாஜன் வழக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறதாம். அதனால் வழக்குப் பதிவதற்கு முன் ஆரம்ப விசாரணை வேண்டும், கைது செய்வதற்கு முன் உயரதிகாரியின் அனுமதி வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அப்பாவிகள் சிறைக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலை. ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்கத் தலித் மக்கள் தெருவுக்கு வந்து, பலர் உயிரைக் கொடுத்த பிறகுதான் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. அந்தக் கவலையில் கால்வாசிகூடப் பதிப்புரிமை வழக்கில் மாட்டுகிற பையன் மீது யாருக்கும் வரவில்லை. சாதி வன்கொடுமைப் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட வைப்பதற்கே மறியல் செய்ய வேண்டியிருக்கிற ஊரில், தயாரிப்பாளர் தரப்பு புகார் கொடுத்தால் அன்றைக்கே ரெய்டு நடக்கிறது.

இணையத்தில் நீதிமன்றங்கள் செய்த கோளாறும் குறைவில்லை. 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய பெயர் தெரியாதோர் மீதான தடையாணையைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களை முழுசாகவே முடக்கின. வீட்டில் ஒரு அறையில் திருட்டுப் பொருள் இருக்கலாம் என்று தெருவையே சீல் வைத்த கதை. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே விளக்கம் தர நேர்ந்தது. ஆனால் பாடம் நிற்கவில்லை. 2018இல் ‘2.0’ வெளியாவதற்கு முன் 12,000க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தனை தளங்களையும் யார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருப்பார்கள்?

இது சினிமாக்காரர்களின் விஷயம், நமக்கென்ன என்று நினைக்கிற தோழர்கள் இருப்பார்கள். சாதிப் பெருமை பேசும் படத்தைக் கிழித்து வீடியோ போட வேண்டுமென்றால், அந்தக் காட்சியைக் காட்டித்தான் ஆக வேண்டும். பிரிவு 52 அதை அனுமதிக்கிறது. ஆனால் யூடியூபில் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் பதிவை மறைக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் திரும்பத் திறக்கலாம். படம் ஓடுவதே இரண்டு வாரம் என்கிற காலத்தில் 21 நாள் கழித்து வரும் விமர்சனத்தை யார் பார்ப்பார்கள்?

நம் இயக்கங்களுக்குள்ளேயே இந்த ஆயுதம் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ‘குடிஅரசு’ இதழில் வந்த பெரியாரின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட பெரியார் திராவிடர் கழகம் முனைந்தபோது, பதிப்புரிமை தங்களுடையது என்று பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் வழக்குப் போட்டது. 2009இல் நீதிபதி கே.சந்துரு தடை விதிக்க மறுத்தார். நல்லவேளையாக அது உரிமையியல் வழக்காகவே நடந்து முடிந்தது. பிரிவு 64ஐக் காட்டி அச்சகத்துக்கு உதவி ஆய்வாளரை அனுப்பியிருந்தால் பெரியாரின் புத்தகக் கட்டுகள் காவல் நிலையத்தில் கிடந்திருக்கும்.

படம் கசிந்தால் நட்டம் உண்மைதான். வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்த சின்னத் தயாரிப்பாளருக்கும், சம்பள பாக்கி நிற்கிற லைட்மேனுக்கும் அது வலிக்கும். அதற்கு இழப்பீட்டு வழக்கு இருக்கிறது, பிரிவு 63 இருக்கிறது, மூன்று மாதச் சிறையும் மூன்று லட்சம் அபராதமும் குறைந்தபட்சமாக வைத்த 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தமும் இருக்கிறது. இவ்வளவுக்கும் மேலே குண்டர் சட்டம் எதற்கு? ‘வீடியோ திருடர்கள்’ என்ற சொற்களை நீக்க ஒரு பக்கத் திருத்த மசோதா போதும். தேர்தல் அறிக்கையில் இதைச் சேர்க்கச் சொல்லி நம் கட்சிகளிடமாவது கேட்போம்.

அதுவரைக்கும், செல்போன் கடையில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு: ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றம் இது. காரணம் எழுதாமல் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது அர்னேஷ் குமார் தீர்ப்பு. என்னென்ன எடுத்துப் போகிறார்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரிவு 64(2)படி, கைப்பற்றியதைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட 15 நாள்தான் அவகாசம்.